ரோட்டரி சங்கத்தின் வாரக் கூட்டமும் சேவை முகாம்களும்: தலைவர், செயலாளருக்கான முழு வழிகாட்டி

அழைப்பில் மாலை 7.30 என்று போட்டுவிட்டு 8.10க்கு மணி அடிக்கும் சங்கங்களை நமக்குத் தெரியும். அதே சங்கத்தின் ரத்ததான முகாமும் ஒன்பது மணிக்குப் பதில் பத்தேமுக்காலுக்குத்தான் ஆரம்பிக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. முகாம் நாளில் யார் எங்கே நிற்பது, எந்தச் சாவி யாரிடம், எவ்வளவு செலவு என்பதெல்லாம் நாலைந்து வாரக் கூட்டங்களில் முடிவாகியிருக்க வேண்டும். அந்தக் கூட்டங்கள் வெறும் சால்வையும் சாப்பாடுமாகப் போனால், முகாம் நாளில் தலைவரும் செயலாளரும் மட்டும் வியர்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டின் சிறு நகரத்தில் 30 முதல் 40 உறுப்பினர்கள் கொண்ட ரோட்டரி சங்கத்தை மனதில் வைத்து எழுதியது. அரிமா சங்கத்தாரும் ஜேசீஸ் நண்பர்களும் பெயர்களை மாற்றிக்கொண்டு படிக்கலாம். முகாம் வேலை எல்லோருக்கும் ஒன்றுதான்.

வாரம் ஒருமுறை என்பது எங்கிருந்து வந்தது

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் வழக்கறிஞர் பால் ஹாரிஸ் மூன்று நண்பர்களோடு உட்கார்ந்த கூட்டம்தான் முதல் ரோட்டரி கூட்டம். ஆரம்பத்தில் உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்து, சுழற்சியில் கூடினார்கள். பெயர் வந்தது அந்தச் சுழற்சியிலிருந்து. பல பத்தாண்டுகள் வாரக் கூட்டம் கட்டாயமாகவே இருந்தது. 2016இல் விதி தளர்ந்தது. மாதத்துக்குக் குறைந்தது இரண்டு கூட்டம் நடத்தினால் போதும் என்று சங்கங்களே முடிவெடுக்கலாம்.

இந்தத் தளர்வை எடுத்துக்கொள்ளலாமா? மாதத்துக்கு ஒரு பேச்சாளரைக்கூடப் பிடிக்கமுடியாத சங்கம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கு நாலு கூட்டம் போடுவதைவிட, பேசவும் முடிவெடுக்கவும் விஷயமுள்ள இரண்டு கூட்டம் மேல். ஆனால் முகாமுக்கு முந்தைய ஆறு வாரங்களில் வாரக் கூட்டத்தை விடாதீர்கள். பதினைந்து நாள் இடைவெளியில் ஒருவர் வராமல் போனால் அவர் பொறுப்பேற்ற வேலை ஒரு மாதம் கிடப்பில் கிடக்கும்.

நாளும் இடமும்

கிழமையை ஆண்டு முழுக்க மாற்றாதீர்கள். கடை வைத்திருப்பவர்கள் அதிகமுள்ள சங்கத்துக்குச் சந்தை நாளும் அதற்கு முந்தின நாளும் ஆகாது. மருத்துவர்கள் அதிகம் என்றால் 7.30க்கு முன்னால் யாரும் வரமாட்டார்கள். அந்தக் கிழமையில் முகூர்த்த நாள் விழுந்தால் பாதி நாற்காலி காலியாகத்தான் இருக்கும். ரோட்டரி ஆண்டு ஜூலையில் தொடங்குவதால், ஜூன் மாதமே பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஆண்டின் முகூர்த்த நாட்களைக் குறித்துவிட்டு, அந்த வாரங்களில் பேச்சாளரை அழைக்காமல் குடும்பக் கூட்டமோ களப்பார்வையோ வைத்துக்கொள்ளுங்கள்.

அரங்கில் பார்க்கவேண்டியவை கொஞ்சம்தான்: மின்வெட்டுக்கு ஜெனரேட்டர், ஓடும்போது சத்தம் போடாத மின்விசிறி, வண்டி நிறுத்த இடம், சமையல் சத்தம் கேட்காத தூரத்தில் சாப்பாட்டு இடம். உறுப்பினர் எண்ணிக்கையில் முக்கால் பங்கு நாற்காலி மட்டும் போடுங்கள். மீதி சுவரோரம் அடுக்கியிருக்கட்டும். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசும் விருந்தினருக்குக் குரல் எழாது.

எழுபது நிமிடக் கணக்கு

7.00 மணி: தேநீர், அளவளாவல். வருகைப் பதிவேடு வாசலில் இருக்கட்டும். உள்ளே சுற்றுக்கு விட்டால் கூட்டம் முடியும்போதும் அது மூன்றாவது வரிசையைத் தாண்டியிருக்காது.

7.30: தலைவர் மணி அடிக்கிறார். ஐந்து பேர் இருந்தாலும் அடியுங்கள். முதல் மூன்று வாரம் கேலி பேசுவார்கள், நாலாவது வாரத்திலிருந்து நேரத்துக்கு வருவார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. அடுத்து நால்வழிச் சோதனை: இது உண்மையா, சம்பந்தப்பட்ட அனைவருக்கும் நியாயமா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, அனைவருக்கும் நன்மை தருமா. 1932இல் ஹெர்பர்ட் டெய்லர் திவாலாகும் நிலையிலிருந்த தன் நிறுவனத்துக்காக எழுதிய நாலு கேள்விகள் இவை. வாரம் ஒரு புதிய உறுப்பினரைப் படிக்கச் சொல்லுங்கள். மேடைக் கூச்சம் போக இதைவிட எளிய வழி கிடையாது.

7.32: தலைவர் உரை, 4 நிமிடம்.

7.36: செயலாளர் அறிவிப்புகள், 5 நிமிடம். வாட்ஸ்அப் குழுவில் வந்ததை மறுபடி படிக்க வேண்டாம். முடிவு தேவைப்படுவதை மட்டும் சொன்னால் போதும்.

7.41: திட்ட நேரம், 15 நிமிடம். கூட்டத்தின் உயிர்நாடி இதுதான். கீழே விரிவாக வருகிறது.

7.56: பிறந்தநாள், மணநாள் வாழ்த்து. ஒருவருக்கு ஒரு நிமிடம்.

8.00: விருந்தினர் அறிமுகம் 3 நிமிடம், பேச்சாளர் அறிமுகம் 2 நிமிடம், உரை 20 நிமிடம், கேள்வி பதில் 8 நிமிடம்.

8.33: சார்ஜெண்ட் அட் ஆர்ம்ஸ் (கூட்ட ஒழுங்கைப் பார்க்கும் பொறுப்பாளர்) நேரம். தாமதமாக வந்தவர், சட்டையில் ரோட்டரி சின்னத்தைக் குத்தாதவர், கூட்டத்தில் செல்பேசி ஒலித்தவர் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே அபராதம். 10 ரூபாய், 20 ரூபாய் போதும். அதற்கு மேல் போனால் சிரிப்பு போய்விடும்.

8.36: நன்றியுரை, நாட்டுப்பண். 8.40க்கு மணி. பிறகு சாப்பாடு.

பேச்சாளரை 7.50க்கு வரச் சொல்லுங்கள், 7.30க்கு வேண்டாம். உங்கள் சங்கத்தின் சந்தா பாக்கியைப் பற்றி அவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. திட்ட நேரத்தை உரைக்குப் பின்னால் வைக்கலாமே என்று தோன்றும். வைத்துப் பாருங்கள். உரை முடிந்ததும் பாதிப் பேர் சாம்பார் வாசத்தைத் தேடிப் போயிருப்பார்கள்.

நேரத்தைத் தின்னும் மேடை மரியாதை

"மேடையில் வீற்றிருக்கும் மாண்புமிகு தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பட்டயத் தலைவர் அவர்களே, முன்னாள் உதவி ஆளுநர் அவர்களே..." ஏழு பேர் பேசும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் இந்தப் பட்டியலை ஒன்றரை நிமிடம் படித்தால் பத்து நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. தலைவர் மட்டும் ஒருமுறை முறைப்படி விளிக்கட்டும். மற்றவர்கள் "அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கலாம். இதைச் செயற்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றிவிடுங்கள். பட்டயத் தலைவரிடம் (சங்கம் தொடங்கியபோது இருந்த முதல் தலைவர்) தலைவரே நேரில் போய் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். மரியாதை குறைந்தது என்று அவர் மனம் வருந்தினால் அந்த ஆண்டு அவர் வீட்டுப் பக்கத்திலிருந்து நன்கொடை வராது.

பொன்னாடையும் அப்படித்தான். பேச்சாளருக்கு ஒன்று போதும், அதையும் கதர்த் துண்டாகவோ புத்தகமாகவோ மாற்றிவிட்டால் ஆண்டுக்கு ஒரு கண் முகாமின் போக்குவரத்துச் செலவு மிஞ்சும்.

பேச்சாளரை அழைக்கும் முறை

மூன்று வாரம் முன்னால் கேளுங்கள், ஒரு வாரம் முன்னால் எழுத்தில் உறுதி செய்யுங்கள், அன்று காலை ஒரு போன் போடுங்கள். எழுத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எத்தனை பேர், எந்தத் தொழிலினர், 20 நிமிடம்தான், திரை உண்டா இல்லையா. திரை வேண்டுமென்றால் கோப்பை முந்தின நாளே வாங்கி, அரங்கின் புரொஜக்டரில் ஓட்டிப் பாருங்கள். அவருடைய மடிக்கணினிக்குப் பொருந்தாத ஹெச்டிஎம்ஐ வயரைத் தேடி எட்டு மணிக்கு ஓடுவது வழக்கமான காட்சி. 15ஆவது நிமிடத்தில் அட்டை காட்ட ஒருவர் முதல் வரிசையில் உட்காரட்டும்.

அழைத்துவரும் உறுப்பினர்தான் வழியனுப்பவும் வேண்டும். சாப்பிட வைத்துவிட்டு எல்லோரும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்க, விருந்தினர் தனியாகத் தட்டோடு நிற்பது மகா அநாகரிகம்.

சாப்பாட்டுக் கணக்கு

35 உறுப்பினர் சங்கத்தில் 35 தட்டுக்குச் சொல்பவர் பொருளாளராக இருக்கத் தகுதியில்லாதவர். கடைசி ஆறு கூட்டத்து வருகையின் சராசரியை எடுத்து, அதோடு விருந்தினர் எண்ணிக்கையும் இரண்டு தட்டும் சேருங்கள். பகல் 12 மணிக்குள் சமையல்காரருக்கு எண்ணைச் சொல்லிவிட வேண்டும். தட்டு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாரம் எட்டுத் தட்டு வீணானால் ஆண்டுக்கு 50 வாரத்தில் 60,000 ரூபாய். சாப்பாட்டுச் செலவை உறுப்பினர் சந்தாவிலிருந்து மட்டும் எடுங்கள். சேவைக்கு வந்த நன்கொடையில் ஒரு ரூபாய்கூட இலைக்கு வரக்கூடாது.

திட்ட நேரமும் நடவடிக்கைக் குறிப்பும்

பதினைந்து நிமிடத்தில் நடந்துகொண்டிருக்கும் திட்டங்கள் மூன்றுக்கு மேல் பேச வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் எழுந்து மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: போன வாரம் ஏற்றுக்கொண்டது முடிந்ததா, அடுத்த வாரத்துக்குள் என்ன, எங்கே சிக்கல். "எல்லாம் நல்லபடியா போயிட்டிருக்கு" என்ற பதிலை ஏற்காதீர்கள். எதுவும் நடக்காதபோதுதான் அந்த வாக்கியம் வரும்.

குறிப்பேட்டில் பெரும்பாலான சங்கங்கள் எழுதுவது இப்படி: "ரத்ததான முகாம் சிறப்பாக நடத்துவது பற்றி விவாதிக்கப்பட்டது." இதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. எழுதவேண்டியது இப்படி:

"ரத்ததான முகாம், மே 10, ஞாயிறு. மண்டபம்: முன்பணம் 3,000 ரூபாய் பொருளாளர் புதன்கிழமைக்குள் கட்டுவார். ரத்த மையத்துக்குக் கடிதம்: செயலாளர், வெள்ளிக்குள். கொடையாளர் பட்டியல் 90 பெயர்: திட்டத் தலைவர், 3 வாரத்தில், வாரத்துக்கு 30. செலவு வரம்பு 18,000. முன்மொழிவு, வழிமொழிவு பதிவு செய்யப்பட்டது."

பொறுப்பாளர், தேதி, செலவிருந்தால் தொகை இவை இல்லாத வரியைக் குறிப்பில் சேர்க்காதீர்கள். அன்றிரவே வாட்ஸ்அப்பில் போடுங்கள். மறுநாள் காலையில் போட்டால்கூட யாராவது "நான் அப்படிச் சொல்லலையே" என்பார்.

கோரம் (முடிவு செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற எண்ணிக்கை) விஷயத்தில் கவனம் தேவை. வழக்கமான சங்க உபவிதிப்படி கூட்டத்துக்கு உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு, செயற்குழுவுக்குப் பெரும்பான்மை. உங்கள் சங்கத்தின் உபவிதியை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் சம்பந்தப்பட்ட தீர்மானம் கோரமில்லாத நாளில் நிறைவேறியிருந்தால் தணிக்கையில் தலைவலி.

பணம்: இரண்டு கணக்கு, இரண்டு கையெழுத்து

சந்தா, சாப்பாடு, ரோட்டரி மாவட்டக் கட்டணம் எல்லாம் நிர்வாகக் கணக்கில். நன்கொடை, திட்டச் செலவு எல்லாம் சேவைக் கணக்கில், முடிந்தால் அறக்கட்டளை பெயரில். காசோலைக்கு இருவர் கையெழுத்து. வரிச்சலுகைப் பதிவு இருந்தால் நன்கொடையாளரின் பான் எண்ணை ரசீது போடும்போதே வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு 80ஜி எனப்படும் வருமான வரிச்சலுகை கிடைக்காது, அதை வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியை எதிர்பார்த்தால் சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவு இல்லாமல் கதவைத் தட்டவே வேண்டாம். 2021 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம்.

ரத்ததான முகாம்

எப்போது நடத்துவது? அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்ததான நாள், ஜூன் 14 உலக ரத்தக் கொடையாளர் நாள். அன்று ஊரெங்கும் முகாம். ரத்த மையங்களுக்கு உண்மையான தட்டுப்பாடு வருவது கல்லூரிகள் மூடிக்கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களிலும் தீபாவளி வாரத்திலும். சிவப்பணு 35 முதல் 42 நாள் வரை தாங்கும், தட்டணு (பிளேட்லெட்) 5 நாளுக்கு மேல் தாங்காது. ஒரே நாளில் 200 யூனிட் எடுத்துக் கின்னஸ் கனவு காண்பதைவிட மூன்று மாதத்துக்கு ஒருமுறை 50 எடுப்பதுதான் ஆஸ்பத்திரிக்கு உதவி. ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும் என்பதையும் நாள் குறிக்கும்போது பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முகாம் என்றால் கொடையாளர்களை இரண்டு அணியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நாள் குறிக்கும்போது தவிர்க்க வேண்டியவை: முகூர்த்தம், ரமலான் நோன்பு மாதம், ஐயப்பன் மாலை உச்சத்திலிருக்கும் வாரங்கள். விரதமிருப்பவர் வெறும் வயிற்றோடு வருவார், அவரிடம் எடுக்கக்கூடாது.

*ஆறு வாரம் முன்னால்.* முகாம் நடத்த உரிமம் பெற்ற அரசு ரத்த மையம், செஞ்சிலுவைச் சங்கம், பதிவுபெற்ற அறநிறுவனத்தின் உரிமம் பெற்ற மையம் ஆகியவற்றில் ஒன்றை அணுகுங்கள். மூன்று மணி நேரத்தில் 50 முதல் 70 பேரிடம் எடுக்க விதிப்படி ஒரு மருத்துவர், 6 முதல் 8 படுக்கைகளுக்கு இரண்டு செவிலியர், இரண்டு சமூகப் பணியாளர், மூன்று ஆய்வக நுட்பர், இரண்டு உதவியாளர் வேண்டும். இத்தனை பேர் வருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பாதிக் குழு வந்தால் கொடையாளர் இரண்டு மணி நேரம் காத்திருந்து எரிச்சலோடு வீட்டுக்குப் போவார், மறுமுறை வரவே மாட்டார்.

*நான்கு வாரம் முன்னால்.* 60 யூனிட் இலக்கு என்றால் 90 பெயர் வேண்டும். சொன்ன சிலர் வரமாட்டார்கள், வந்தவரில் நாலில் ஒருவர் பரிசோதனையில் திரும்பலாம் என்று கணக்குப் போடுங்கள். பெண்கள் கல்லூரியில் நடத்தினால் பாதிக்கு மேல்கூடத் திரும்பலாம். காரணம் ஹீமோகுளோபின். 12.5 கிராம் இருந்தால்தான் எடுப்பார்கள். இதை முன்பே தெரிந்துகொண்டால் கல்லூரியில் முகாமுக்கு இரண்டு மாதம் முன்னால் ரத்தசோகைப் பரிசோதனை வைத்து, குறைவாயிருப்பவர்களை மருத்துவரிடம் அனுப்பலாம். ஒரு யூனிட்கூடக் கிடைக்காவிட்டாலும் அது தனியாகவே நல்ல திட்டம்.

*அழைப்பிலேயே எழுத வேண்டியவை.* வயது 18 முதல் 65 வரை, முதல்முறை கொடுப்பவர் 60க்குள். எடை குறைந்தது 45 கிலோ (350 மில்லி எடுக்க), 450 மில்லிக்கு 55க்கு மேல். கடந்த ஓராண்டில் பச்சை குத்தியவர், பாலூட்டும் தாய்மார், பெரிய அறுவைச் சிகிச்சை ஆகி ஓராண்டு ஆகாதவர், மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் காய்ச்சல்காரர் எல்லோரும் தள்ளிவைக்கப்படுவார்கள். சாப்பிட்டு நாலு மணி நேரத்துக்குள் வர வேண்டும். இதை அச்சடித்துவிட்டால் வாசலில் சண்டை குறையும். திருப்பி அனுப்பப்படுபவருக்குக் காரணத்தைத் தனியாக, மெதுவாகச் சொல்லுங்கள். நாலு பேர் காதில் விழ "உனக்கு ரத்தம் கம்மி" என்றால் அவர் ஆயுளுக்கும் முகாம் பக்கம் வரமாட்டார்.

*அன்பளிப்பு.* பணமோ பணமாக மாற்றக்கூடிய பொருளோ கூடாது. காசுக்கு ரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் தடை செய்திருக்கிறார்கள். ஹெல்மெட், மிக்ஸி என்று போட்டியில் இறங்கும் முகாம்கள், உடம்பில் இருப்பதை மறைத்துக்கொண்டு வருபவரைக் கூப்பிடுகின்றன. சான்றிதழ், டம்ளர் அளவு நினைவுப் பொருள் போதும்.

*அன்று.* தரைத்தளம், காற்றோட்டம், கைகழுவ இடம், தடையில்லா மின்சாரம். வரிசை இப்படி ஓட வேண்டும்: பதிவு, எடை, கேள்வித்தாளும் ஆலோசனையும், ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், படுக்கை, ஓய்வு, சிற்றுண்டி. ஆலோசனை மேசையை மற்ற மேசைகளிலிருந்து பத்தடி தள்ளிப் போடுங்கள். அங்கே கேட்கும் கேள்விகள் அந்தரங்கமானவை. பக்கத்தில் நண்பன் நின்றால் உண்மை வராது.

வந்ததும் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். மயக்கம் வருவது பெரும்பாலும் மூன்று காரணத்தால்: சாப்பிடாதது, புழுக்கம், பயம். படுக்கையைச் சுற்றிப் படமெடுக்க நிற்கும் கூட்டம் மூன்றாவதை வளர்க்கும். ஒரு படுக்கைக்கு ஒரே ஒரு தொண்டர் பேச்சுக் கொடுத்துக்கொண்டு நின்றால் போதும். மயங்கினால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். முகத்தில் தண்ணீர் அடிப்பது, உட்கார வைத்துச் சோடா கொடுப்பது வேண்டாம். எடுத்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் சிற்றுண்டி இடத்தில் உட்கார வைக்க வேண்டும். பெரும்பாலும் விழுபவர் படுக்கையில் விழுவதில்லை, வண்டி நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போதுதான் விழுவார். 60 கொடையாளருக்கு 70 பழச்சாறுப் பொட்டலம், 70 வாழைப்பழம், பிஸ்கட். தொண்டர்களுக்கான டிபனைத் தனியாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் பதினொரு மணிக்குப் பழச்சாறு தீர்ந்திருக்கும்.

சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருக்க வேண்டாம். எடுத்த ரத்தத்திலிருந்து தட்டணு பிரிக்க ஆறு மணி நேரத்துக்குள் மையம் போய்ச் சேர வேண்டும். ஒன்பதுக்குத் தொடங்கி, முதல் பெட்டியைப் பதினொன்றரைக்கு அனுப்புங்கள். விழா மேடை நடுவில் எப்போது வேண்டுமானாலும் பத்து நிமிடம் நடக்கலாம்.

கண் முகாம்

1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர்ச் சங்கங்களோடு சேர்ந்து முகாம் நடத்தும் முறையை இந்தப் பக்கத்தில் பழக்கிவிட்டது. வேலைப் பங்கீடு தெளிவானது: பரிசோதனை, அறுவைச் சிகிச்சை எல்லாம் மருத்துவமனை. இடம், விளம்பரம், தொண்டர், வந்தவர்களின் சாப்பாடு சங்கம். முகாமிடத்திலேயே அறுவைச் சிகிச்சை செய்யும் பழைய வழக்கம் கிருமித்தொற்றால் கைவிடப்பட்டது. நோயாளிகளைப் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துப்போவதுதான் முறை. மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்தின் அனுமதியும் வேண்டும்.

இடம்: பள்ளிக்கூடம், தரைத்தளம். பார்வை அட்டை தொங்கவிட 6 மீட்டர் நீளமுள்ள, வெளிச்சமான வராந்தா ஒன்று கட்டாயம். கண்ணுக்குள் பார்க்கும் மருத்துவருக்கு இருட்டடிக்கக்கூடிய அறை ஒன்று. சன்னலுக்குக் கறுப்புத் துணியோ பழைய ஃப்ளெக்ஸோ முந்தின நாளே கட்டிவிடுங்கள்.

விளம்பரத்தை ஊர்ச் சுவரில் மட்டும் ஒட்டினால் கண்புரை உள்ளவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர்களால்தான் படிக்க முடியாதே. ரேஷன் கடை வரிசை, பால் சொசைட்டி, நூறு நாள் வேலை நடக்கும் இடம், முதியோர் உதவித்தொகை வாங்கும் வங்கி வாசல் ஆகிய இடங்களில் வாயால் சொல்ல வேண்டும். ஆட்டோவில் மைக் கட்ட காவல் நிலைய அனுமதி வாங்குங்கள். முகாமுக்கு முந்தின மூன்று நாள், காலை ஆறு முதல் எட்டு வரை சுற்றினால் போதும். பத்து மணிக்கு மேல் எல்லோரும் வயல்காட்டில் இருப்பார்கள்.

கண் முகாமில் சொதப்புவது பரிசோதனையில் இல்லை, பேருந்துப் படியில். கண்புரை என்று சொல்லி அட்டை கொடுத்தாயிற்று, பேருந்து நிற்கிறது. பாட்டி சொல்வார்: "வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன் தம்பி." வரமாட்டார். மாடு யார் பிடித்துக் கட்டுவது, பேரனுக்குச் சோறு யார் வைப்பது, மருமகள் என்ன சொல்வாள் என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. இதைத் தீர்க்க வேண்டிய இடம் முகாம் இல்லை, போன வாரம் அவர் வீட்டுத் திண்ணை. நோட்டீஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: புரை இருந்தால் அன்றே அழைத்துப்போவோம், இரண்டு மூன்று நாள் தங்க வேண்டும், சாப்பாடும் லென்சும் இலவசம், திரும்பக் கொண்டுவந்து விடுவோம். கையோடு ஒரு மாற்று உடை, துண்டு, தினமும் சாப்பிடும் மாத்திரை, ஆதார் நகல், பிள்ளையின் செல் எண் எழுதிய சீட்டு.

அந்த மாத்திரைப் பை மிக முக்கியம். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ எகிறியிருந்தால் அன்று அறுவைச் சிகிச்சைக்கு எடுக்க மாட்டார்கள். முகாமுக்கு வருகிறோம் என்று அன்றைய மாத்திரையை விழுங்காமல் வருபவர்கள் நிறைய. "வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்று நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுங்கள். ஒவ்வொரு பைக்கும் பெயர், ஊர் எழுதிய அட்டையை நூலில் கட்டிவிடுங்கள். ஒரே மாதிரி மஞ்சள் பை நாற்பது இருக்கும்.

250 பேர் வருவார்கள் என்றால் 40 பேருக்குப் பேருந்து இடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேருந்திலும் சங்க உறுப்பினர் ஒருவர் பெயர்ப்பட்டியலோடு போக வேண்டும். திரும்பி வரும் நாளில் பேருந்து நிற்கும் இடத்தில் ஆட்டோவோடு நாலு பேர் நில்லுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை அதே பள்ளியில். அதற்கு வராதவர்களைத் தேடிப் போவதுதான் சங்கத்தின் வேலை. இந்த நாளை முகாமுக்கு முன்பே வாரக் கூட்டத்தில் குறித்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த திட்டத்தின் பரபரப்பில் இது மறந்துபோகும்.

நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் படிக்கத் தடுமாறுபவர்களுக்கு +1.00 முதல் +2.50 வரை படிக்கும் கண்ணாடி அன்றே கொடுக்கலாம். தையல்காரர், பூக்கட்டுபவர், தீப்பெட்டி வேலை செய்பவருக்கு அது அன்றைய கூலி.

மரம் நடுதல்

ரோட்டரி ஆண்டு ஜூலை 1இல் பிறக்கிறது. பதவியேற்ற உற்சாகத்தில் ஜூலையிலேயே நூறு கன்று நடுவார்கள், செப்டம்பரில் நூறு குச்சி நிற்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான். தென்மேற்கு மழை படும் கன்னியாகுமரி, கோவை மேற்கு, தேனி மலையடிவாரம் போன்ற பகுதிகள் தவிர மற்ற ஊர்க்காரர்கள் செப்டம்பர் கடைசிவரை பொறுத்திருங்கள். ஜூலையில் குழி மட்டும் வெட்டிப் போடலாம், மண் ஆறும்.

குழி இரண்டடி நீள, அகல, ஆழம். கன்று ஐந்தடிக்குக் குறையாமல் இருந்தால் ஆட்டுக்குத் தப்பும். பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமல் அப்படியே நடும் புண்ணியவான்கள் ஒவ்வொரு விழாவிலும் இருக்கிறார்கள், கவனியுங்கள். புங்கன், பூவரசு, வேம்பு, நாவல், இலுப்பை தாங்கும். மின்கம்பிக்குக் கீழே எதையும் நடாதீர்கள், வாரியக்காரர்கள் மொட்டையடிப்பார்கள். வாரம் இருமுறை பத்து லிட்டர் தண்ணீர், இரண்டு கோடை. தண்ணீர் ஊற்றும் ஆளின் கூலியும் கூண்டின் விலையும் கன்றின் விலையைப்போலப் பல மடங்கு. அந்தப் பணம் இல்லையென்றால் நூறு வேண்டாம், பத்து நடுங்கள்.

போலியோ பூத்

போலியோ ஒழிப்பு, ரோட்டரி 1985இல் எடுத்த வேலை. இயற்கை வகைப் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளிக்கு 2011 ஜனவரி 13 அன்று ஹவுராவில் நோய் கண்டது, 2014 மார்ச் 27இல் நாட்டுக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது. சொட்டு மருந்து நாளில் உங்கள் பங்கு பேருந்து நிலையமும் ரயில் நிலையமும். தொண்டர்களுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள்: குப்பியின் மேல் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிர் நிறமாக இருக்கும்வரை மருந்து நல்லது. நிறம் ஒன்றாகிவிட்டால் வெப்பம் பட்டு வீணாகிவிட்டது, செவிலியரிடம் காட்டி ஒதுக்குங்கள்.

ஆண்டு மாறும்போது

நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுக் கூட்டம் டிசம்பர் 31க்குள் நடந்தாக வேண்டும். ஜூலையில் பொறுப்பேற்கப்போகும் தலைவரை ஜனவரியிலிருந்து எல்லாத் திட்ட நேரத்திலும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். மே மாதத்து ரத்த முகாமுக்கு அவரையே பொறுப்பாளராகப் போட்டால் ஜூலையில் அவருக்கு யாரும் ஒன்றும் கற்றுத்தர வேண்டியிருக்காது.

ஜூன் கடைசிக் கூட்டத்தில் ஒப்படைக்க வேண்டியவை: நடவடிக்கைக் குறிப்பேடு, இரண்டு கணக்குப் புத்தகங்கள், ரசீதுப் புத்தகத்தின் பயன்படுத்தாத எண்கள், ரத்தப் பிரிவோடும் கடைசியாகக் கொடுத்த தேதியோடும் கொடையாளர் பட்டியல், கண் முகாமில் மறுபரிசோதனைக்கு இன்னும் வராதவர்களின் பெயர், தண்ணீர் ஊற்றுபவரின் செல் எண், அரங்கச் சாவி, மணியும் அதன் சுத்தியும். சுத்தி தனியாகத் தொலையும், நூலால் மணியோடு கட்டிக் கொடுங்கள்.